கூரை தாங்கும், பிடித்துவைத்திருக்குமா?

வீட்டுக் கூரையில் சோலர் பூட்ட நினைப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, "கூரை பாரம் தாங்குமா?" என்பதுதான். மருதனார்மடத்திலும் அதுவே முதற் கேள்வி. யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் போகும்போது சுன்னாகத்துக்குச் சற்று முன்னே வரும் சந்தி இது. சந்தையும் கடைகளும், ஆஞ்சநேயர் கோயிலும், 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கிய இராமநாதன் கல்லூரியும், அவற்றைச் சுற்றிச் செம்மண் தோட்டங்களும் குடிமனைகளுமாக அமைந்த ஊர். இங்கே கூரைகள் பலவகை: பனஞ்சலாகையில் ஓடு வேய்ந்தவை, அஸ்பெஸ்ரஸ் சீற் போட்டவை, மேல்மாடி பிறகு கட்டலாம் என்று கம்பி விட்டுவைத்த கொங்கிறீற்றுத் தளங்கள். 2016 செப்ரெம்பரில் அரசாங்கம் 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தைத் தொடங்கியபின் நாடெங்கும் போல இக்கூரைகளிலும் பனல்கள் ஏறத் தொடங்கின. ஒவ்வொரு முறையும் அதே கேள்வி எழுகிறது, பெரும்பாலும் "தாங்கும்" என்ற பதிலும் கிடைக்கிறது. அந்தப் பதில் அனேகமாகச் சரியானது. ஆனால் அது சிறிய கேள்விக்குரிய பதில். பனலைத் தாங்குவதைவிட, காற்று அதைப் பிடுங்கும்போது விடாமல் வைத்திருப்பதுதான் இந்தக் குடாநாட்டில் ஒரு கூரைக்குப் பெரிய வேலை. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் கூட்டினால் விடை பிழைக்கும். தனித்தனியாகப் போட்டால்தான் எது ஆபத்து என்பது தெரியும்.

முதலில் பாரத்தைப் பார்ப்போம். இன்று வீடுகளுக்குப் பூட்டப்படும் 550 வாற்றுப் பனல் ஒன்று ஏறத்தாழ 2.28 மீற்றர் நீளமும் 1.13 மீற்றர் அகலமும் உடையது. பரப்பு 2.58 சதுர மீற்றர், எடை ஏறத்தாழ 28 கிலோ. அலுமினிய ரெயில், கால்கள், கிளாம்ப், போல்ற் எல்லாவற்றையும் சேர்த்துச் சதுர மீற்றருக்கு 15 கிலோ என்று எடுத்தால் பெரும் பிழை வராது. அதாவது ஒரு பனலின் பங்கு 39 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆட்கள் ஏறி நடக்கக்கூடிய கொங்கிறீற்றுத் தளத்தை, நாம் நெடுங்காலம் பின்பற்றிவந்த பிரித்தானிய விதிமுறைப்படி, சதுர மீற்றருக்கு 1.5 கிலோநியூற்றன், அதாவது 153 கிலோ நடமாட்டச் சுமைக்கு வடிவமைக்க வேண்டும். பனல் கேட்பது அதில் பத்திலொரு பங்குதான். ஓட்டுக் கூரையின் நிலை கொஞ்சம் வேறு. ஓடு தானே சதுர மீற்றருக்கு 40 கிலோ அளவில் இருக்கிறது. அதன்மேல் 15 கிலோ என்பது மூன்றிலொரு பங்குக்கும் அதிகமான கூடுதல் பாரம். அது ஒருநாள் இருந்துவிட்டுப் போகும் பாரமன்று, இருபத்தைந்து ஆண்டு குந்தியிருக்கும் பாரம். மரம் நீண்டகாலப் பாரத்தின் கீழ் மெல்ல மெல்லத் தொய்யும். ஆகவே ஓட்டுக் கூரையில் சலாகைகளையும் வளைகளையும் சோதிக்காமல் "தாங்கும்" என்று சொல்லிவிட முடியாது. அப்படியிருந்தும் நல்ல நிலையிலுள்ள கூரைக்கு இது தீர்க்கக்கூடிய பிரச்சினை. பனலுக்கும் கூரைக்கும் இடையில் ஆள் நடக்க இடமில்லாதபோது அந்தப் பரப்பின் நடமாட்டச் சுமையைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாம் என்று அமெரிக்க விதிமுறையும் இடம் தருகிறது. பனல் வந்த இடத்தில் மனிதர் ஏறமாட்டார் என்பதால் ஒன்று வர மற்றது போகிறது.

இந்த விட்டுக்கொடுப்புக்குள்தான் சுமைகளைச் சேர்த்துக் கணக்கிடும் முறையின் அடிப்படை இருக்கிறது. சுமை என்பது ஒரே எண் அன்று. பனலும் சட்டகமும் எப்போதும் இருக்கும் நிலைச்சுமை. திருத்த வேலைக்கு ஏறுபவரும் அவருடைய கருவிகளும் எப்போதாவது வரும் நடமாட்டச் சுமை. மழைநீர் தேங்கினால் நீர்ச்சுமை. காற்று எந்தத் திசையிலிருந்தும் வரலாம், கீழே அழுத்தவும் மேலே இழுக்கவும் பக்கத்தால் தள்ளவும் செய்யலாம். எல்லாவற்றினதும் உச்சத்தை ஒன்றாகக் கூட்டினால் ஒருபோதும் நிகழாத ஒரு கணத்துக்காகக் கட்டுவோம், ஏனென்றால் பெரும்புயல் வீசும் நேரத்தில் யாரும் கூரையில் நின்று பனல் கழுவுவதில்லை. ஆகவே விதிமுறைகள் சேர்க்கைகளைத் தனித்தனியாக வகுக்கின்றன. பிரித்தானிய முறைப்படி நிலைச்சுமையும் நடமாட்டச் சுமையும் மட்டும் சேரும்போது முதலாவதை 1.4ஆலும் இரண்டாவதை 1.6ஆலும் பெருக்க வேண்டும். காற்றும் சேர்ந்து மூன்றும் கீழ்நோக்கி வந்தால் எல்லாவற்றையும் 1.2ஆல் பெருக்கினால் போதும். காற்று மேலே இழுக்கும்போது மட்டும் காற்றை 1.4ஆல் பெருக்கி, நிலைச்சுமையை உள்ளபடியே, 1.0ஆக விட வேண்டும். ஒரே பனலின் எடை ஒரு சேர்க்கையில் எதிரி, இன்னொன்றில் துணை. எதிரியாக இருக்கும்போது அதைக் கூட்டிக் காட்டுகிறோம். துணையாக இருக்கும்போது ஒரு கிலோகூடக் கூட்டிக் காட்டுவதில்லை. எந்தப் பக்கம் தவறினாலும் வீடு தப்பவேண்டும் என்பதே இந்த எண்களின் நியாயம்.

இனிக் காற்று. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. அதன் அழிவைப் பார்த்த பிறகுதான் 1980இல் இலங்கைக்கென்று, பலத்த காற்றைத் தாங்கும் கட்டடங்களை வடிவமைப்பதற்கான வழிகாட்டிநூல் வெளிவந்தது. அது நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தது. சாதாரண கட்டடங்களுக்கு அது தரும் காற்றுவீச்சு வேகங்கள் செக்கனுக்கு 49, 43, 33 மீற்றர். அனர்த்தத்தின் பின்னும் இயங்கவேண்டிய ஆஸ்பத்திரி போன்ற கட்டடங்களுக்கு 54, 47, 38. இந்த வேகத்தை அழுத்தமாக மாற்றுவது எளிது: வேகத்தை வேகத்தால் பெருக்கி, 0.613ஆல் பெருக்கினால், சதுர மீற்றருக்கு எத்தனை நியூற்றன் என்பது கிடைக்கும். இதில் கவனிக்க வேண்டியது வேகம் இருமுறை பெருக்கப்படுவது. 33இலிருந்து 49க்கு வேகம் ஒன்றரை மடங்குதான் ஏறுகிறது, அழுத்தமோ 667இலிருந்து 1472 நியூற்றனுக்கு, இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது.

அந்த அழுத்தம் பனலில் எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களை நினைத்தால் போதும். பட்டத்தைத் தூக்குவது அதன் பரப்பும் முச்சை கட்டிய விதமும். முச்சை சரியாக இருந்தால் ஆளைவிடப் பெரிய பட்டமும் வாடைக்காற்றில் எழும்பி, நூலைப் பிடித்திருப்பவரை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். சாய்வாக நிறுத்திய பனலும் காற்றுக்கு அதே மாதிரியான ஒரு தட்டைதான். காற்று அதன் பின்புறமிருந்து, உயர்ந்த விளிம்பின் பக்கமிருந்து வரும்போது அடியில் புகுந்து தூக்குகிறது. அதேவேளை மேற்பரப்பில் காற்று பிரிந்து சுழல்வதால் அழுத்தம் குறைந்து, மேலிருந்தும் உறிஞ்சுகிறது. இரண்டும் ஒரே திசையில் சேர்கின்றன. எவ்வளவு சேரும் என்பதைக் காற்றுச் சுரங்கச் சோதனைகளிலிருந்து பெற்ற குணகங்கள் சொல்லும். திறந்த தளத்தில் 10 பாகைச் சாய்வில் நிற்கும் பனல் தொகுதியின் நடுப்பகுதிக்கு அந்தக் குணகத்தை 1 என்று எடுத்துக் கணக்குப் போடுவோம். கூரை விளிம்புகளிலும் மூலைகளிலும் சுழற்காற்று வலிமையானது, அங்கே அது ஒன்றரை, இரண்டு என்று ஏறும்.

நடு வலயத்தின் 43 மீற்றர் வேகத்துக்கு அழுத்தம் சதுர மீற்றருக்கு 1133 நியூற்றன். ஒரு பனலின் பரப்பு 2.58 சதுர மீற்றர். தூக்கும் விசை 2920 நியூற்றன், எடைக் கணக்கில் ஏறத்தாழ 298 கிலோ. பனலும் சட்டகமும் சேர்ந்து கீழே இழுப்பது 39 கிலோ. அதாவது காற்று தூக்குவது பனலின் பாரத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல். "எங்கள் இடம் அவ்வளவு மோசமில்லை" என்று மிகச் சாந்தமான வலயத்தின் 33 மீற்றரை எடுத்தாலும் தூக்குவிசை 175 கிலோவாக, பாரத்தின் நாலரை மடங்காக இருக்கிறது. ஆகவே இந்த வாதம் வலய எல்லை எங்கே ஓடுகிறது என்பதில் தங்கியில்லை. இன்னொரு வழியாகவும் கேட்கலாம்: எந்த வேகத்தில் பனல் தன் பாரத்தை இழந்து, போல்ற்றை இழுக்கத் தொடங்கும்? விடை செக்கனுக்கு 15.5 மீற்றர், மணிக்கு 56 கிலோமீற்றர். புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பில் மணிக்கு 50 முதல் 60 கிலோமீற்றர் வரை காற்று வீசக்கூடும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் மீனவருக்கு எச்சரிக்கை விடுவது ஒவ்வோராண்டும் நடக்கிற சங்கதி. புயல் வரவேண்டியதில்லை. காற்று பலத்து வீசும் நாட்களிலேயே பாரம் என்னும் துணை தீர்ந்துபோகும் எல்லைக்கு அருகில் பனல் நிற்கிறது. அதன்பின் அதைப் பிடித்திருப்பது போல்ற்றும் கிளாம்ப்பும் மட்டுமே.

சேர்க்கையை இப்போது எழுதலாம். 43 மீற்றர் வேகத்தில் தூக்குவிசை 2.92 கிலோநியூற்றன், 1.4ஆல் பெருக்கினால் 4.09. அதிலிருந்து கழிக்கும் நிலைச்சுமை 0.38. மிச்சம் 3.71 கிலோநியூற்றன், பனலுக்கு 378 கிலோ. வெறுமனே கழித்திருந்தால் 259 கிலோ என்று வந்திருக்கும். சேர்க்கைக் கணக்கு கேட்பது அதைவிட ஏறத்தாழ 120 கிலோ அதிகம். இது வீண் பயமன்று. காற்றைப் பற்றிய நமது அறிவு பனலின் எடையைப் பற்றிய அறிவைப்போல் உறுதியானதில்லை. தராசில் வைத்தால் எடை தெரிந்துவிடும். அடுத்த இருபத்தைந்து ஆண்டில் வரப்போகும் உச்சக் காற்றுவீச்சை எந்தத் தராசிலும் வைக்க முடியாது. நிச்சயமில்லாததைப் பெருக்கியும் நிச்சயமானதைப் பெருக்காமலும் விடுவது அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்வதுதான்.

தளத்தில் துளையிட்டால் ஒழுகும் என்று பயப்படுபவர்கள் சொல்லும் மாற்றுவழி, கொங்கிறீற்றுக் கட்டிகளைப் பாரமாக வைத்துவிடுவது. பார்வைக்கு நியாயமான யோசனைதான். ஆனால் அதே கணக்கைத் தொடர்ந்தால் அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். 4.09 கிலோநியூற்றனைப் பாரத்தால் மட்டும் அடக்க வேண்டுமென்றால் ஒரு பனலுக்கு மொத்தம் 417 கிலோ வேண்டும். பனல், சட்டகம் போக 378 கிலோ கட்டி. பனலும் கட்டியும் சேர்ந்த மொத்தத்தைப் பரப்பில் பகிர்ந்தால் சதுர மீற்றருக்கு 162 கிலோ. தளம் நடமாட்டத்துக்கென்று வைத்திருந்ததோ 153 கிலோ. தூக்குவிசையைத் தீர்க்கப் போய்ப் பாரப் பிரச்சினையை உண்டாக்கிவிட்டோம். கட்டிகளுக்கு இடையில் இலைகுழை சேர்ந்து நீர்வடிகுழாய் அடைபட்டால் நிலை இன்னும் மோசம். 2008 நவம்பரில் நிஷா புயல் குடாநாட்டை வெள்ளக்காடாக்கிய மாதிரியான மழையில் தளத்தில் 10 சென்ரிமீற்றர் நீர் தேங்கினால் சதுர மீற்றருக்கு 100 கிலோ, பனல்களின் பாரத்தைவிட ஆறு மடங்குக்கு மேல். புயலில் காற்றும் மழையும் சேர்ந்துதான் வரும், ஆகவே இந்தச் சேர்க்கையை நடவாதது என்று தள்ளவும் முடியாது. தூக்குவிசையையும் கீழ்ப்பாரத்தையும் இரண்டு தாளில் இரண்டு பேர் கணக்கிட்டால் இந்த முரண்பாடு கண்ணில் படாது. ஒரே தாளில் இரு சேர்க்கைகளாக எழுதினால் உடனே தெரியும்.

ஆகவே பெரும்பாலான வீடுகளில் பனலைக் கூரையோடு பிணைத்தேயாக வேண்டும். பிணைக்கத் தொடங்கியதும் இன்னொரு கேள்வி வருகிறது: அந்த 378 கிலோ எந்த வழியால் நிலத்துக்குப் போகிறது? பனலிலிருந்து கிளாம்ப்புக்கு, அதிலிருந்து ரெயிலுக்கு, ரெயிலிலிருந்து காலுக்கு, காலிலிருந்து தளத்துக்கோ சலாகைக்கோ, அங்கிருந்து சுவருக்கு. இந்தப் பாதையில் மிக நொய்ந்த கண்ணிதான் முழுத் தொகுதியின் வலிமை. கிளாம்ப்பைக் கிட்ட வைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் அளவுக்கும் குறைவான அகலத்தில் பனலின் அலுமினிய விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் சிறு துண்டு அது. நடுவில் ஒரே போல்ற். பனலுக்கு நான்கு கிளாம்ப் என்றால் ஒவ்வொன்றிலும் 95 கிலோ. இரண்டு பனல்களுக்கு நடுவே இருக்கும் பொதுக் கிளாம்ப்பில் அதன் இரட்டிப்பு, 190 கிலோ. அந்த ஒரு போல்ற் தளர்ந்தால் இரு பனல்களும் ஒரேயடியாகத் தளர்கின்றன. 2017இல் இர்மா, மரியா என்ற சூறாவளிகள் கரீபியத் தீவுகளைத் தாக்கியபின், எந்தச் சோலர் தொகுதிகள் நின்றன, எவை போயின என்று ஆராய்ந்த பொறியியலாளர்கள் இதையே கண்டார்கள். ஒரு பனல் கழன்றதும் பொதுக் கிளாம்ப் விட்டுப்போய், பக்கத்துப் பனலும் அதற்கடுத்ததும் வரிசையாகப் பறந்தன. பனலைக் கிளாம்ப்பால் கவ்வாமல் சட்டத்தினூடாக நேரே போல்ற் போட்டுப் பூட்டும்படி 2018இல் வெளியான அவர்களின் அறிக்கை பரிந்துரைத்தது. கரீபியத் தீவுகளும் நம்மைப்போல் கடல் சூழ்ந்தவை, பனி பெய்யாதவை, சூறாவளி கண்டவை. அவர்கள் பெருவிலை கொடுத்துக் கற்றதை நாம் விலையில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு வரும்: "பனலின் விபரத்தாளில் 5400 பஸ்கால் தாங்கும் என்று போட்டிருக்கிறதே, நமது காற்று 1133தானே?" 5400 என்பது பனலின் முன்முகத்தைக் கீழ்நோக்கி அழுத்திப் பார்க்கும் எண், பனி குவியும் நாடுகளுக்கானது. பின்முகத்திலிருந்து தூக்கும் திசைக்கு அதே தாளில் வழக்கமாக இருப்பது 2400. இரண்டும் சோதனைச் சுமைகள். வடிவமைப்புக்கு அவற்றை ஒன்றரையால் வகுக்க வேண்டும், ஆகவே 2400 என்பது 1600 ஆகிறது. விளிம்பில் குணகம் ஒன்றரை என்றால் நமது 1133 அங்கே 1700 ஆகிவிடும். தாராளமாகத் தெரிந்த எண் விளிம்புப் பனலுக்குப் போதாமல் போய்விடுகிறது. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. அந்தச் சோதனையில் பனல் மட்டுமே இருந்தது. அதன் கீழே மருதனார்மடத்துச் சலாகை இருக்கவில்லை.

அந்தச் சலாகையையும் பார்ப்போம். பனைமரத்தின் வலிமை அதன் வெளிப்புறத்துக் கறுத்த வைரத்தில் இருக்கிறது. உட்பகுதி மென்மையான சோறு. வைரத்தில் இறங்கிய திருகாணி உறுதியாக நிற்கும், சோற்றில் இறங்கியது இழுத்தால் வந்துவிடும். சலாகையின் எந்த முகத்தில், எவ்வளவு ஆழத்தில் ஆணி இறங்குகிறது என்பது 378 கிலோவைப் பற்றிய கேள்விதான். அஸ்பெஸ்ரஸ் சீற் கூரையில் சிக்கல் வேறு. சீற்றில் எதையும் பிணைக்க முடியாது, அதை ஊடுருவிக் கீழேயுள்ள மரத்தையோ இரும்பையோ பிடிக்க வேண்டும். அந்தக் கூரை தானே சதுர மீற்றருக்கு 15 கிலோ அளவில்தான் இருக்கிறது, புயலில் அது தன்னைக் காப்பதே கடினம். ஓட்டுக் கூரையோ தன் பாரத்தால் ஓரளவு நிற்கும், ஆனால் சலாகை வளையோடும் வளை சுவரோடும் கட்டப்படாமல் வெறுமனே குந்தியிருந்தால் பனல் கூரையையும் கூட்டிக்கொண்டு போகும். கொங்கிறீற்றுத் தளத்தில் வழி சுலபம். மேல்மாடிக்கென்று தூண்களின் தலையில் விட்ட கம்பிகள் துருவால் மெலியாமல் இருந்தால், அவற்றோடு இணைத்துச் சிறு கொங்கிறீற்றுக் குந்துகள் கட்டி, அதன்மேல் கால்களை நிறுத்தலாம். விசை நேரே தூணுக்குள் போகும், தளத்தில் துளையும் இல்லை, ஒழுக்கும் இல்லை.

தளத்தின்மேல் ஆளுயரத்துக்கும் கூடுதலான இரும்புக் கால்கள் நட்டு அதன்மேல் பனல் வைப்பது இப்போது பலரும் விரும்பும் முறை. கீழே உடுப்பு உலர்த்தலாம், நிழலும் கிடைக்கும். பயன் உண்மையானது, அதற்குரிய விலையைத் தெரிந்துகொண்டு கட்டினால் குறையில்லை. பத்துப் பனல்களின் பரப்பு 25.8 சதுர மீற்றர். 43 மீற்றர் காற்றில் மொத்தத் தூக்குவிசை 29 கிலோநியூற்றன், மூன்று தொன்னுக்குச் சற்றுக் குறைவு. 10 பாகைச் சாய்வால் அதில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு, அரைத் தொன், பக்கத்தால் தள்ளும். இரண்டரை மீற்றர் உயரத்தில் வரும் அந்தத் தள்ளல் கால்களை அடியோடு சாய்க்கப் பார்க்கும். மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம் இல்லாவிட்டால், ஒவ்வொரு காலின் அடித்தகட்டிலும் உள்ள போல்ற்றுகள்தான் அத்தனையையும் பிடிக்க வேண்டும். சாய்வைக் கூட்டினால் மின்சாரம் கூடும் என்ற எண்ணமும் இங்கே பொருந்தாது. நாம் வட அகலக்கோடு 9.7 பாகைக்கு அருகில் இருக்கிறோம். தெற்கு நோக்கிய 10 பாகைச் சாய்வே ஆண்டு முழுவதற்கும் ஏற்றது, மழைநீர் வழிந்து தூசி கழுவவும் அது போதும். 25 பாகையாக்கினால் மின்சாரம் குறையும், காற்று பிடிக்கும் முகமோ பெரிதாகும். குடாநாட்டின் இருப்பிடம் தந்திருக்கும் சலுகை இது. தாழ்ந்த சாய்வில் வெயிலும் நிறைவாகக் கிடைக்கிறது, காற்றும் குறைவாகப் பிடிக்கிறது.

"சுற்றிவரப் பனையும் தென்னையும் நிற்கின்றன, காற்றை அவை மறிக்காதா?" என்பது நியாயமான கேள்வி. மறிக்கும். விதிமுறைகளும் நிலத்தின் தன்மைக்கேற்ப வேகத்தைக் குறைக்க இடம் தருகின்றன, மேலே போட்ட கணக்கில் அந்தக் குறைப்பு எடுக்கப்படவில்லை. வேகத்தை 0.8 மடங்காக்கினால் அழுத்தம் 0.64 மடங்காகும், பனலுக்குத் தூக்குவிசை 298இலிருந்து 191 கிலோவுக்கு இறங்கும். அப்போதும் பாரத்தின் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதோடு, தெற்கிலும் மேற்கிலும் நிழல் விழுத்தும் மரங்களைத்தான் சோலர் பூட்டும்போது முதலில் தறிக்கிறோம். வெயிலை மறைத்த மரமே காற்றையும் மறைத்தது. மரத்தை நம்பிக் காற்றைக் குறைத்துக் கணக்கிட்டுவிட்டு அதே மரத்தை வெட்டுவது ஒரே கையால் கொடுத்துப் பறிப்பது. தறிக்கப்போகும் மரத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

"புயல் எப்போதாவதுதானே வருகிறது, இத்தனை வீடுகளில் பூட்டியிருக்கிறார்கள், எதுவும் பறக்கவில்லையே?" என்பது அதைவிடப் பலமான மறுப்பு. விதிமுறைகள் பொதுவாக எடுக்கும் வேகம் ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடியது, அதாவது எந்த ஓராண்டிலும் அது வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு. இருபத்தைந்து ஆண்டும் அது வராமலிருக்கும் வாய்ப்பைக் காண 0.98ஐ இருபத்தைந்து முறை பெருக்க வேண்டும், விடை 0.60. ஆகவே பனலின் வாழ்நாளுக்குள் அந்தக் காற்று ஒருமுறையாவது வீசும் வாய்ப்பு நூற்றுக்கு 40. நூற்றுக்கு நாற்பதை 'எப்போதாவது' என்று யாரும் சொல்லமாட்டார்கள். வரலாறும் அதையே சொல்கிறது. 1964 டிசம்பரில் இலங்கையின் வடபகுதியைக் கடந்த புயல்தான் தனுஷ்கோடியை அழித்தது. 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. நமது கூரைகளிலுள்ள பனல்களில் மிகப் பெரும்பான்மை 2016க்குப் பிறகு பூட்டப்பட்டவை. அவை இன்னும் பறக்கவில்லை என்பது அவற்றின் வலிமைக்குச் சான்றாகாது. அவை இன்னும் அந்தக் காற்றைச் சந்திக்கவில்லை என்பதற்கே சான்று.

காலம் இன்னொரு வழியாலும் வேலை செய்கிறது. குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்கு வெகுதூரத்தில் இல்லை, காற்றில் உப்பு எங்கும் உண்டு. அலுமினிய ரெயிலில் சாதாரண இரும்பு போல்ற் பட்டு நனையும் இடத்தில் அரிப்பு வேகமாக நடக்கும். நாகப்பூச்சுக் குழாயில் வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு எரிந்துபோயிருக்கும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். கணக்கின் ஒரு பக்கத்திலுள்ள காற்று பதினைந்து ஆண்டிலும் அதே காற்று. மறுபக்கத்திலுள்ள தாங்கும் வலிமை ஆண்டுக்காண்டு தேய்கிறது. ஆகவே புதிதாக இருக்கும்போது மட்டுமட்டாகப் போதும் என்று வடிவமைத்தது, தேவைப்படும் ஆண்டில் போதாமல் போகும். துருப்பிடிக்காத உருக்குப் போல்ற், பூச்சு சிதைந்த இடங்களில் மறுபூச்சு, ஆண்டுக்கு ஒருமுறை போல்ற்றுகளை முறுக்கிப் பார்ப்பது ஆகியவையும் இந்தக் கணக்கைச் சேர்ந்தவையே.

மறுபக்க வாதத்திலும் ஓர் உண்மை இருக்கிறது. இப்படி எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் சட்டகம் பனலைவிட விலைப்பட்டுவிடும், வெயில் மின்சாரம் வசதியுள்ளவர்க்கு மட்டும் என்றாகிவிடும் என்ற கவலை பொறுப்பானது. அதற்கு விடை, கணக்கை விடுவதில் இல்லை, நுணுக்கமாகப் போடுவதில் இருக்கிறது. கூரையோடு ஒட்டி, அதே சாய்வில், சிறு இடைவெளி விட்டுப் பூட்டிய பனலில் மேலும் கீழும் அழுத்தம் ஓரளவு சமப்படுவதால் தூக்குவிசை குறைகிறது. வரிசைகள் ஒன்றுக்கொன்று காற்று மறைப்பதால் நடு வரிசைகளுக்குக் குறைந்த குணகம் போதும். காற்றுச் சுரங்க ஆய்வுகளின் பலனாக அமெரிக்க விதிமுறையின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு கூரைச் சோலருக்கென்று தனிப் பிரிவையே சேர்த்தது. விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி வைத்தாலே குணகம் கணிசமாக இறங்கும், அதற்குச் செலவு ஒன்றுமில்லை. எல்லா இடத்திலும் ஒரே தடிப்பில் இரும்பு போடுவது வீண்செலவு, எங்கே குறைக்கலாம் என்று சொல்லும் அதிகாரமும் அந்தக் கணக்குக்குத்தான் உண்டு. கணக்கில்லாமல் குறைப்பது சிக்கனமாகாது. அந்தத் துணிச்சலின் விலையை வீட்டுக்காரரோ, பறந்துவரும் 28 கிலோக் கண்ணாடிப் பனலின் வழியில் இருக்கும் பக்கத்து வீட்டாரோதான் கொடுக்க வேண்டியிருக்கும்.

கூரையில் வெயிலை அறுவடை செய்வது இந்த மண்ணுக்கு நல்லது, அதனால்தான் அதை ஒழுங்காகச் செய்யவேண்டும். பூட்ட வருபவரிடம் வீட்டுக்காரர் இன்வேற்றரின் உத்தரவாதத்தையும் மாதாந்த அலகுகளையும் கேட்கிறார். அதோடு ஒரு தாளையும் கேட்கவேண்டும், தகுதிவாய்ந்த கட்டடப் பொறியியலாளர் ஒப்பமிட்ட தாள். அதில் எடுத்த காற்றுவேகமும் வலயமும், நடுவுக்கும் விளிம்புக்கும் மூலைக்கும் தனித்தனிக் குணகமும் இருக்கவேண்டும். கீழ்நோக்கிய சேர்க்கையும் மேல்நோக்கிய சேர்க்கையும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கவேண்டும். ஒரு கிளாம்ப், ஒரு கால், ஒரு போல்ற் எத்தனை கிலோ இழுவையைப் பிடிக்கவேண்டும், எத்தனையைப் பிடிக்கும் என்ற இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும். அந்த விசை சுவர்வரை போகும் பாதையும் வரையப்பட்டிருக்கவேண்டும். இவை பெருக்கலும் கழித்தலும்தான், பள்ளிக்கூடக் கணிதத்துக்கு மேற்பட்டது எதுவுமில்லை. இலட்சக்கணக்கில் செலவழித்து இருபத்தைந்து ஆண்டுக்குப் பூட்டும் ஒன்றுக்கு ஒரு தாளில் அடங்கும் இந்தக் கணக்கைக் கேட்பது வீட்டுக்காரரின் உரிமை, கொடுப்பது பூட்டுபவரின் கடமை. "தாங்குமா?" என்று கேட்டுப் பழகிய நாம், "எத்தனை கிலோ இழுத்தால் விடும்?" என்றும் கேட்கப் பழகவேண்டும்.